நீல இஞ்சிக்கு என்ன குறை? கொழும்பு வளவுகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

கொழும்பில் நிழலுக்குள் நீலப்பூ வேண்டும் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது நீல இஞ்சியைத்தான். கன்று விற்கும் இடங்களில் ‘புளூ ஜிஞ்சர்’ என்று கேளுங்கள். தாவரவியல் பெயர் டைக்கோரிசாண்ட்ரா தைர்சிஃப்ளோரா. பெயரில் இஞ்சி இருந்தாலும் இது இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்ததில்லை. மதிலோரம் தானாக முளைக்கிற கானாவாழையின் சொந்தம். பிரேசிலின் அட்லாண்டிக் கரைக் காடுகளில் பெரிய மரங்களின் கீழே வளர்ந்த செடி. பல வருடம் நிற்கும், ஆள் உயரத்துக்கு மேலேயும் போகும், ஒவ்வொரு தண்டின் உச்சியிலும் ஒரு நீலக் கொத்து வைக்கும். கொத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள்: மூன்று இதழ், இதழின் அடியில் கொஞ்சம் வெள்ளை, நடுவே மஞ்சள் மகரந்தப் பைகள். ஒரு பூ நீண்ட நேரம் நிற்காது. ஆனால் மொட்டுகள் ஒன்றன் பின் ஒன்றாக விரிவதால் கொத்து வாரக்கணக்கில் நிற்கும்.

கொழும்பின் வெக்கையும் ஈரக்காற்றும் இதற்குப் பிடித்தவை. அப்படியிருந்தும் “வைத்தேன், சரிவரவில்லை” என்று சொல்பவர்கள் நிறையப் பேர். அவர்களுடைய செடிகளைப் பார்த்த அளவில் சொல்கிறேன்: இங்கே வரும் கோளாறுகளில் பெரும்பங்கு இடத்தால் வருபவை. பூச்சியாலும் நோயாலும் வருபவை குறைவு. ஆகவே மருந்து வாங்கப் போக முன்னர், மப்பு இல்லாத ஒரு நாளில் மத்தியானம் பன்னிரண்டு மணிக்குச் செடிக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். இலைக்கு மேலே ஓரடி உயரத்தில் கையை நீட்டுங்கள். விரல்களின் நிழல் கறுப்பாக, ஓரம் கூராக விழுந்தால் வெயில் கூட. நிழல் விழுகிறது, ஆனால் ஓரம் மங்கலாக இருக்கிறது என்றால் அதுதான் இந்தச் செடி கேட்கும் வெளிச்சம். நிழலே தெரியவில்லை என்றால் இருட்டு. கீழே சில இடங்களில் “கை நிழல் சோதனை” என்று சொல்வது இதைத்தான்.

இனி, உங்கள் செடியில் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள்.

இலை செழிப்பாக இருக்கிறது, பூ மட்டும் இல்லை

அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. நான்கு காரணங்கள் உண்டு. பார்க்கும் ஒழுங்கும் முக்கியம்.

முதலில் கத்தரிக்கோலைச் சந்தேகியுங்கள். இந்தச் செடி பூப்பது தண்டின் உச்சியில் மட்டும். பக்கத்தில் கிளைத்து அங்கே பூ வைக்கும் பழக்கம் இதற்குப் பெரிதாக இல்லை. தோட்ட வேலைக்கு வருபவர் மற்றச் செடிகளை ஒழுங்காக்கும்போது இதையும் இடுப்பளவில் மட்டமாக வெட்டிவிட்டுப் போனால், அந்தத் தண்டுகளில் வரவேண்டிய பூ அன்றே போய்விட்டது. நந்தியாவட்டைக்கும் செம்பருத்திக்கும் சரியான வெட்டு இதற்குச் சரிவராது. வேலைக்கு வருபவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: “அண்ணே, இதில மட்டும் கை வைக்காதீங்க.” வெட்டுப்பட்ட செடிக்கு வேறு வைத்தியம் தேவையில்லை. அடியிலிருந்து புதிய தண்டு வந்து முற்றும்வரை காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வெட்டவில்லை என்றால் கை நிழல் சோதனை. நிழல் விரும்பும் செடி என்று கேள்விப்பட்டு, இரண்டு வீடுகளுக்கு நடுவிலுள்ள ஒடுங்கிய இடைவெளிக்குள் வைத்துவிடுகிறார்கள். அங்கே இலை கரும்பச்சையாக, பார்க்க வடிவாகத்தான் இருக்கும், பூ வராது. காட்டில் இது வாழ்ந்தது இலைகளின் இடுக்கால் வெளிச்சம் சொட்டுச் சொட்டாக இறங்கும் இடத்தில். மாமரத்தின் கீழே, ஈரப்பலா மரத்தின் வெளி ஓரத்தில், அல்லது காலை வெயில் மட்டும் படும் கிழக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொழும்பில் எனக்குத் தெரிந்த மிக நல்ல இடம் வீட்டின் கிழக்குப் பக்கம்தான். காலையில் இதமான வெயில் கிடைக்கும், பின்னேர வெயிலை வீடே மறித்துவிடும்.

வெளிச்சமும் சரி என்றால் பசளையைப் பாருங்கள். யூரியாவோ, புதிய கோழி எருவோ தொடர்ந்து போட்டால் செடி இலையாகவே தள்ளும். அதை நிறுத்திவிட்டு, நன்றாக உக்கிய கூட்டெருவை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அடியில் பரப்புங்கள். பூச்செடிக்கென்று விற்கும், பொட்டாசியம் கூடிய கலவைப் பசளை இருந்தால் பொதியில் சொன்னதில் பாதி அளவு போதும்.

நான்காவது, பொறுமை. சிறிய கன்றாக வாங்கியது முதல் வருடத்தில் வேரும் தண்டும் வைப்பதிலேயே நிற்கலாம். மிதவெப்ப நாடுகளில் இது கோடை முடிவிலும் இலையுதிர்காலத்திலும் பூக்கும் செடி, பிறகு குளிரில் உறங்கிவிடும். கொழும்பில் குளிர்காலம் கிடையாது. இந்த மாதத்தில் பூக்கும் என்று நாட்காட்டியைப் பார்த்திருப்பதைவிட, தண்டு முற்றியிருக்கிறதா, மண் காயாமல் இருக்கிறதா என்று பார்ப்பதில் பலன் உண்டு.

இலையின் நடுவில் வெளிறிய திட்டு, பிறகு அது பழுப்பாகக் காய்கிறது

இது வெயில் சுட்ட காயம். வானத்தைப் பார்த்திருக்கும் இலைகளில் மட்டும் வரும். அவற்றின் கீழே மறைந்திருக்கும் இலைகள் பச்சையாகவே இருக்கும். நோயென்றால் இப்படி மேல் கீழ் பார்த்து வராது.

“நான் நிழலில்தானே வைத்தேன், டிசம்பரில் வைக்கும்போது வெயிலே படவில்லை” என்பார்கள். உண்மைதான். ஆனால் கொழும்பில் மதில் நிழல் வருடம் முழுவதும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு ஏறத்தாழ 7 பாகை வடக்கே. ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டெம்பர் முதல் வாரத்திலும் மத்தியானச் சூரியன் நேரே உச்சந்தலைக்கு மேல் வரும். அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் அது வடக்குப் பக்கம் சாய்ந்து நிற்கும். மற்ற மாதங்களில் தெற்குப் பக்கம்.

ஆறடி மதிலை எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் கடைசியில் மத்தியானம் அதன் நிழல் வடக்குப் பக்கத்தில் மூன்றரை அடி வரை விழும். ஏப்ரலில் அந்த நிழல் ஒன்றுமில்லாமல் சுருங்கிவிடும். ஜூன் கடைசியில் நிழல் மதிலின் தெற்குப் பக்கத்துக்கு மாறி, அங்கேயும் இரண்டடியை எட்டாது. டிசம்பரில் மதிலின் வடக்குப் பக்கத்தில் குளிர்ச்சியாக இருந்த செடி, சித்திரை வருடப்பிறப்பு வரும்போது வெட்ட வெயிலில் நிற்கிறது. இடையில் யாரும் அதை நகர்த்தவில்லை.

ஆகவே இந்தச் செடிக்கு மதில் நிழலை நம்பாதீர்கள், மரநிழலை நம்புங்கள். மரத்தின் குடை எல்லாப் பக்கத்து வெயிலையும் மறிக்கும். மரம் இல்லாத வளவென்றால் ஐம்பது வீத நிழல்வலையை மேலே கட்டலாம். நிலத்தில் நட்ட செடியை வெயில் காலத்தில் பெயர்க்காதீர்கள். ஓலையோ வலையோ போட்டுத் தற்காலிகமாக மறைத்துவிட்டு, மே மாத மழை நன்றாகப் பிடித்த பிறகு மாற்றுங்கள். சுட்ட இலை திரும்பப் பச்சையாகாது. ஆனால் மீதிப் பச்சை இன்னும் உணவு செய்துகொண்டிருக்கும். ஆகவே முழுவதும் காயும் வரை பிய்க்க வேண்டாம்.

இலையின் நுனியும் ஓரமும் மட்டும் கருகுகிறது

முந்தியதோடு இதைக் குழப்பக்கூடாது. இங்கே நடு இலை நன்றாக இருக்கும், ஓரம் மட்டும் கடதாசி மாதிரிக் காயும்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளையில் காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் முதலில் உப்புக் காற்றை நினையுங்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கடல் தூவானம் ஒழுங்கைக்குள் வரை வரும். மழை கூடவே இருந்தால் அதுவே இலையைக் கழுவிவிடும். காற்று மட்டும் வீசி மழை இல்லாத நாட்களில்தான் உப்பு இலையில் தங்கும். அப்படியான நாட்களில் பின்னேரம் குழாய்த் தண்ணீரால் இலைகளை மேலிருந்து கழுவிவிடுங்கள்.

தொடர்மாடியில் இருப்பவர்கள் பலகணியில் ஏசியின் வெளிப்பெட்டி எங்கே ஊதுகிறது என்று பாருங்கள். அந்தக் காய்ந்த சூட்டுக் காற்று நேரே பட்டால் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் ஓரம் கருகும். சாடியை நகர்த்துவதைத் தவிர வேறு வழி இல்லை.

சாடிக்குத் தும்புத்தூள் கலந்திருந்தால் அதிலும் உப்பு இருக்கலாம். புதிய தும்புத்தூளைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, அதை இரண்டு மூன்று தரம் செய்த பிறகே கலக்க வேண்டும். ஏற்கனவே கலந்துவிட்டீர்கள் என்றால், சாடியின் அடித் துளையால் நன்றாக வழிந்தோடும் வரை தண்ணீர் விட்டு அலசுங்கள். பசளை கூடிப்போனதற்கும் இதே வைத்தியம்.

இலை மஞ்சளாகிறது

எந்த இலை, எப்படி மஞ்சளாகிறது என்பதில்தான் பதில் இருக்கிறது.

அடியில் ஒன்றிரண்டு பழைய இலை மட்டும் மஞ்சளாகி விழுந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். அது வயது.

பழைய இலைகள் எல்லாம் ஒரே சீராக வெளிறி, புதிய இலைகள் சிறிதாக வந்தால் பசி. கூட்டெருவோ உக்கிய மாட்டெருவோ போடுங்கள். கடற்கரைப் பக்க மணல் நிலத்தில் இது அடிக்கடி வரும். அங்கே மழை சத்தை எல்லாம் கீழே கொண்டுபோய்விடும். அந்த மணலில் நடும்போது குழிக்குள் இரண்டு மூன்று பொச்சுமட்டைகளைக் குழிவான பக்கம் மேலே இருக்கும்படி புதைத்தால் ஈரமும் நிற்கும், சத்தும் கொஞ்சம் தங்கும்.

புதிய இலைகளில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் அது வேறு கதை. அனேகமாகச் செடி மதிலை ஒட்டி நிற்கும். கொழும்பில் வீடு கட்டி முடிந்ததும் உடைந்த சாந்து, சீமெந்து, பூச்சுக் கழிவு எல்லாவற்றையும் மதிலோரம் போட்டு மேலே அரை அடி மண் பரப்பி மூடிவிடுவார்கள். செடியின் வேர் அந்த அரை அடியைத் தாண்டியதும் சுண்ணாம்பில் முட்டும். சுண்ணாம்பு மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் அதை எடுக்க முடியாது. அலவாங்கால் ஒரு இடத்தில் குத்திப் பாருங்கள். சாந்துக் கட்டி வந்தால் விஷயம் தெளிவு. கட்டிகளைத் தோண்டி எடுத்து, குழியைக் கூட்டெருவும் இலையுக்கலும் கலந்த மண்ணால் நிரப்பி மறுபடி நடுவதுதான் நிரந்தர வழி. அது முடியாது என்றால் மதிலிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி வையுங்கள். உடனடியாக ஏதாவது செய்ய வேண்டும் என்றால் கீலேற் வடிவிலுள்ள, அதாவது செடி எளிதில் எடுக்கக்கூடிய இரும்புச்சத்தை இலையில் தெளிக்கலாம். இலை பச்சையாகும், ஆனால் மண் மாறாமல் அது நிலைக்காது. அடுப்புச் சாம்பலை இப்படியான செடிக்குப் போடவே கூடாது, அது காரத்தை இன்னும் கூட்டும்.

செடி முழுவதும் மஞ்சளாகி, மண்ணும் ஈரமாக இருந்தால் அடுத்த தலைப்பைப் பாருங்கள். அது அவசரமானது.

தண்ணீர் இருந்தும் செடி வாடுகிறது, அடித்தண்டு குழைகிறது

வேர் அழுகுகிறது. இந்தச் செடிக்கு ஈரம் வேண்டும், ஆனால் நிற்கும் தண்ணீர் ஆகாது. அதன் வேர்கள் தடித்து நீரைச் சேமிப்பவை, மூழ்கினால் அழுகும். ஏப்ரல் மே மழையிலும் ஒக்டோபர் நவம்பர் மழையிலும் இது வரும். ராஜகிரிய பக்கம் போல சதுப்பை நிரப்பிக் கட்டிய இடங்களில் நிலமட்டத்தில் நடுவதை விட்டுவிட்டு, கல்லடுக்கி ஓரடி உயர்த்திய பாத்தியில் நடுங்கள். கூரைப் பீலியின் தண்ணீர் நேரே செடியடியில் விழுகிறதா என்றும் பாருங்கள். பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

தண்டின் அடியை விரலால் அமத்திப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் தப்பும்: தண்ணீரை நிறுத்தி, சுற்றி ஒரு சிறு வாய்க்கால் வெட்டிவிடுங்கள். சாடி என்றால் வெளியே எடுத்து, கறுத்து மணக்கும் வேர்களை வெட்டிப் புது மண்ணில் வையுங்கள். அடி குழைந்துவிட்டால் அந்தத் தண்டு தப்பாது. ஆனால் மேல்பகுதி பச்சையாக இருக்கும்போதே வெட்டித் தடி நட்டால் செடியைக் காப்பாற்றலாம். எப்படி நடுவது என்பது கடைசியில்.

சாடிக்குக் கீழே தட்டு வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வேருக்கு மட்டுமல்ல, வீட்டுக்கும் அது கெடுதல்: தட்டில் தேங்கும் தண்ணீரில் டெங்கு நுளம்பு பெருகும். 2017ஆம் ஆண்டில் நாட்டில் 186,000க்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கு வந்தது. கொழும்பு மாவட்டம் மோசமாகப் பாதிக்கப்பட்டது. தட்டை எடுத்துவிட்டு சாடியைக் கல்லின் மேல் வையுங்கள். கட்டாயம் தட்டு வேண்டும் என்றால் அதை மணலால் நிரப்புங்கள்.

தண்டு மெலிந்து நீண்டு சாய்கிறது

வெளிச்சம் இருக்கும் பக்கம் எல்லாத் தண்டும் வளைந்தால் இருட்டு, இடத்தை மாற்றுங்கள். தண்டு தடிப்பாக இருந்தும் பூ வந்த பிறகு சாய்ந்தால் மழை நீர் ஏறிய கொத்தின் பாரம்தான். மூங்கில் தடி ஊன்றித் தளர்வாகக் கட்டிவிடுங்கள். உயரத்தைக் குறைக்கிறேன் என்று வெட்டினால் என்ன ஆகும் என்பது முதல் தலைப்பில் இருக்கிறது.

இலையில் ஓட்டை, இளந்தளிர் காணாமல் போகிறது

பகலில் தேடினால் ஒன்றும் அகப்படாது. இரவு எட்டு ஒன்பது மணிக்கு, முக்கியமாக மழை விட்ட இரவில், டோர்ச்சோடு போங்கள். இலையிலும் மதிலிலும் பளபளக்கும் கோடு இருந்தால் நத்தை. கொழும்பில் அது அனேகமாக ஆபிரிக்கப் பெருநத்தை, 1900 அளவில் இலங்கைக்கு வந்து சேர்ந்தது. அடியிலிருந்து வரும் புதிய முளையை ஒரே இரவில் மொட்டையாக்கிவிடும். அந்த முளைதான் அடுத்த பூத் தண்டு என்பதால், ஓட்டை விழுந்த இலையைவிட இந்த இழப்புப் பெரிது.

கையால் பொறுக்குவதுதான் உறுதியான வழி, ஆனால் வெறுங்கையால் வேண்டாம். மனித மூளையைத் தாக்கக்கூடிய ஒரு எலிப் புழு இந்த நத்தைகளின் உடம்பில் இருக்கலாம். கையுறையோ பிளாஸ்டிக் பையோ போட்டுக்கொண்டு பொறுக்கி, உப்புக் கரைத்த வாளித் தண்ணீரில் போடுங்கள். பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். பிள்ளைகளை இந்த வேலைக்கு அனுப்பாதீர்கள். உப்பைச் செடியைச் சுற்றித் தூவும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. நத்தை சாகும், செடியும் சாகும். கடையில் விற்கும் நத்தைக் குளிகைகளில் மெட்டல்டிஹைட் இருந்தால் நாய், பூனை வளர்க்கும் வீட்டில் அதை வைக்க வேண்டாம், அவற்றுக்கு அது உயிராபத்து.

பகலில் அவை ஒளிந்திருப்பது கவிழ்த்த சாடிக்குள், பலகைக்கு அடியில், மதிலோரத்துக் குப்பைக்குள். அந்த இடங்களைச் சுத்தமாக்கினால் பாதி வேலை முடிந்தது. பளபளக்கும் கோடு இல்லை, இலையோரம் கடித்த மாதிரி இருக்கிறது என்றால் வெட்டுக்கிளி அல்லது புழு. இலையைத் திருப்பிப் பார்த்து எடுத்துவிட்டால் போதும், மருந்து தேவைப்படாது.

கணுவில் வெள்ளைப் பஞ்சு, தண்டில் எறும்பு வரிசை

மாவுப்பூச்சி. இலையின் அடி தண்டைச் சுற்றி உறை போட்டிருக்கும் இடத்துக்குள் இது பதுங்கும், அதனால் மேலால் தெளிப்பது உள்ளே போகாது. பழைய பல் துலக்கும் தூரிகையைச் சவர்க்காரத் தண்ணீரில் தோய்த்து ஒவ்வொரு கணுவாகத் தேயுங்கள். பிறகு ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் சில துளி பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து, பின்னேரத்தில் தெளியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று நான்கு வாரத்துக்கு. எறும்பை விட்டு வைத்தால் பூச்சி திரும்ப வரும். எறும்பு அதன் இனிப்பு நீருக்காக அதைக் காவல் காக்கிறது.

பூ நீலமாக இல்லை, ஊதாவாக இருக்கிறது

இதன் நிறமே ஊதா கலந்த நீலம்தான். போன் கமரா இந்த நிறத்தை மாற்றிக் காட்டலாம், ஆகவே படத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். நுவரெலியாவில் பார்க்கும் ஹைட்ரேஞ்சியாவுக்கு மண்ணின் அமிலத்தன்மையையும் அலுமினியத்தையும் கொண்டு நிறத்தை மாற்றலாம். அந்த முறை இங்கே செல்லாது. படிகாரம் கரைத்து ஊற்றுவதால் இந்தப் பூ நீலமாகாது, வேர்தான் பாதிக்கப்படும். வெயில் கூடினால் பூ வெளிறும். அப்படியென்றால் கை நிழல் சோதனை செய்யுங்கள்.

பூத்த தண்டு காய்கிறது, நட்ட தடி பிடிக்கவில்லை

பூ முடிந்த தண்டு மெல்ல மஞ்சளாகிச் சோர்வது இயல்பு. அதை அடியோடு வெட்டிவிடுங்கள், பக்கத்தில் புதிய முளை வரும். ஜனவரி, பெப்ரவரி வறட்சியில் இலை கொஞ்சம் உதிர்ந்தாலும் பயப்பட வேண்டாம். மண்ணை இலைச்சருகால் மூடி, இரண்டு விரற்கணு ஆழத்தில் ஈரம் இல்லாதபோது தண்ணீர் விடுங்கள்.

வெட்டிய தண்டு பச்சையாக இருந்தால் எறியாதீர்கள். கானாவாழை கணுவில் வேர் விடுவது போலவே இதுவும் விடும். இரண்டு மூன்று கணு உள்ள துண்டுகளாக வெட்டி, மேல் இலை ஒன்றைப் பாதியாக நறுக்கிவிட்டு மற்ற இலைகளை எடுத்துவிடுங்கள். ஆற்று மணலும் அலசிய தும்புத்தூளும் சரிபாதி கலந்து, ஒரு கணுவாவது மண்ணுக்குள் இருக்கும்படி ஊன்றுங்கள். பிடிக்காமல் போவதற்கு வழமையான காரணங்கள் மூன்று: துண்டைத் தலைகீழாக நடுவது, வெறும் தோட்ட மண்ணில் நட்டு அழுக விடுவது, வேர் வந்ததா என்று அடிக்கடி பிடுங்கிப் பார்ப்பது. கணுவில் புதிய தளிர் விரிந்து, மெல்ல இழுத்தால் தடி வராமல் நின்றால் வேர் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் இன்னும் இரண்டு மூன்று இலை வரும்வரை அதே நிழலில் விட்டு, மழை தொடங்கியதும் நிலத்துக்கு மாற்றுங்கள். கன்றுக்குக் கன்று இரண்டடி இடைவெளி விடுங்கள், புதர் விரியும்.